பட்டறை ஓவனும் எடைத் தராசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சும்மா கிடக்கும் மேசை ஓவனைப் பட்டறையில் மரத்துண்டு உலர்த்தவும் பாலிமர் களிமண் (சூட்டில் இறுகும் கைவினைப் பிளாஸ்டிக் களிமண்) சுடவும் வைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த யோசனை நல்லதுதான். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழைச் சரியான எண்ணில் வைத்தால் போதும் என்று முடித்துவிட்டீர்கள். சிக்கலே அந்தக் குமிழில்தான்.

மலிவான ஓவனில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அதை ஒரே நிலையில் பிடித்து வைக்காது. 100 டிகிரி செல்சியஸில் வைத்தால் 85-க்கு இறங்கும், 120-க்கும் ஏறும். தனி வெப்பமானி ஒன்றைப் பொருள் இருக்கும் உயரத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டு வைத்தால் ஏற்ற இறக்கம் குறையும். ஓவனின் சூடேற்றும் கம்பி கனலும்போது அதன் எதிரே இருக்கும் பொருளின் பக்கம் மட்டும் தீய்ந்துபோகும். நடுவே ஒரு தகரத் தட்டு மறைப்பாக இருக்கட்டும். பாலிமர் களிமண்ணுக்கு இது முக்கியம். அது பிவிசி என்ற பிளாஸ்டிக் சேர்ந்தது. உறையில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும்.

மரத்தை உறுதியாக்க அதன் துளைகளில் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) ஏற்றுவதானால் அதற்கு முன் ஈரம் முழுக்கப் போயாக வேண்டும். பச்சை மரத்தை நேராக உள்ளே தள்ளினால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும், வெடிக்கும். நிழலில் காய்ந்த மரமே சரி. 100 முதல் 105 டிகிரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். கடிகாரத்தை நம்பக் கூடாது. பேனா செய்யும் சிறு துண்டே ஒரு நாள் கேட்கும். எடுத்ததும் ஜிப் பையில் மூடி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். ஆறாத துண்டை, சூட்டில் இறுகும் ரெசினில் போட்டால் பாத்திரத்தில் இருக்கும் ரெசினும் சேர்ந்து கெட்டியாகத் தொடங்கும்.

இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் எப்பாக்சி ரெசின் வேறு வகை. அறைச் சூட்டில் இறுகிய பிறகு 50, 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் உறுதி கூடும். கலந்த கையோடு வைத்தால், இறுகும்போது அதிலேயே எழும் சூடும் சேர்ந்து கொப்புளித்துவிடும்.

தின்னர் வாடை அடங்காத வார்னிஷ் பொருளை ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆவி கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும். எரிவாயு ஓவன் இதற்கெல்லாம் அறவே ஆகாது. மைக்ரோவேவிலோ மரம் உள்ளுக்குள் கருகும், வெளியே தெரியாது.

பட்டறைக்கு வந்த ஓவனில் மறுபடி சமைக்கக் கூடாது. கதவிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். பழைய சாமானுக்குப் போடும் நாளில் வயரை வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ரொட்டி சுட வாங்கிப்போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
மரக்கடைசல் செய்யும் வாசகர்