ஆண்டறிக்கை: எங்கள் பில்லியட்ஸ் கழகத்தில் பில்லியட்ஸ் எங்கே?

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மேசைகளைப் பற்றியும் அவற்றைச் சுற்றி நடந்த சண்டைகளைப் பற்றியும் சொல்கிறேன்.

மட்டக்களப்பு மாரி உங்களுக்குத் தெரியும். வாவிக் காற்றின் ஈரத்தைப் பச்சைத் துணி குடித்துவிட்டால் பந்து பாதி வழியில் நின்றுவிடும். பிரஷ் போட்டு, அயன் பிடித்த பிறகுதான் ஆடக்கூடியதாக இருந்தது. ஈரக் குடையை மேசையில் சாய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

சிறிய மேசையில் எயிட் போல் என்ற பூல் ஆட்டம்தான் ஓடியது, சண்டையும் அங்கேதான். ஒருவருக்கு 1 முதல் 7 வரையான முழு நிறப் பந்துகள், மற்றவருக்கு 9 முதல் 15 வரையான கோடு போட்டவை. தன்னுடையதை முடித்தவர் கடைசியில் கறுப்பு எட்டைப் போட வேண்டும். ஒருநாள் இரவு, "மச்சான், எட்டு விழுந்திட்டு!" என்று ஒருவர் துள்ள, "வெள்ளையும் சேர்ந்தெல்லோ விழுந்திட்டு" என்றார் மற்றவர். எட்டும், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தும் சேர்ந்து விழுந்தால் அடித்தவருக்கு ஆட்டம் போனதுதான். அந்த விதியை இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒன்பது பந்து ஆட்டமான நைன் போலில் மேசையில் உள்ள மிகச் சிறிய எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும் என்பதையும் அதன் கீழே எழுதியாகிவிட்டது.

பெரிய மேசை முழு ஆண்டும் ஸ்னூக்கருக்கே போனது. ஒரு சிவப்பை விழுத்தி, பிறகு ஒரு நிறம். சிவப்பு முடிந்ததும் மஞ்சளின் 2 புள்ளியில் தொடங்கிக் கறுப்பின் 7 வரை வரிசையாக. ஒரே தொடரில் எடுக்கக்கூடிய வழக்கமான உச்சப் புள்ளியான 147ஐ எடுக்கப் போவதாக எல்லோரும் பேசுகிறார்கள். எடுத்தவர் இன்னும் இல்லை.

என் மனக்குறை வேறு. பெயர்ப்பலகையில் பில்லியட்ஸ் என்று எழுதியிருக்கிறோம், அதை ஆட ஆளில்லை. அந்த ஆட்டத்துக்கு மூன்றே பந்துகள்: ஆளுக்கொன்றாக வெள்ளையும் மஞ்சளும், நடுவில் பொதுவாக ஒரு சிவப்பு. சென்ற மாதம் மூத்த அங்கத்தவர் ஒருவர் ஆடிக் காட்டினார். அவருடைய வெள்ளை சிவப்பை உரசி, அப்படியே நடுக் குழிக்குள் இறங்கியது. "ஃபவுல்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஐயா சிரித்துக்கொண்டே, "ஸ்னூக்கரில் அது ஃபவுல், இதில் எனக்கு 3 புள்ளி" என்றார். சிவப்பை விழுத்தினாலும் 3தான். தன் பந்தால் மற்ற இரண்டையும் ஒரே அடியில் தொட்டால் 2. அதற்குப் பிறகு கத்தியவர்களே கியூக் கோலுக்கு வரிசையில் நின்றார்கள். கரம் ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லித்தரத் தேவையில்லை.

1973 இல் பம்பாயில் நம் நாட்டு லாஃபிர் அமெச்சூர் உலகப் பட்டம் வென்றது இந்த ஆட்டத்தில்தான். ஸ்னூக்கரில் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர், நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகவே செவ்வாய் மாலைகளில் பெரிய மேசையைப் பில்லியட்ஸுக்கு ஒதுக்க வேண்டும் என்று பிரேரிக்கிறேன். ஸ்னூக்கர் பந்துகளிலேயே வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருப்பதால் பொருளாளர் பயப்படத் தேவையில்லை.

அப்புறம், கோல் நுனியில் பூசும் சோக் கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள், கூட்டம் முடிந்ததும் அதை மேசை விளிம்பில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

செயலாளர்