எடை நின்றுபோனவர்களைப் பொய்யர்கள் ஆக்காதீர்கள்: உணவியல் வல்லுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடைக்குறைப்பு ஆலோசனை வழங்கும் மருத்துவர்களுக்கும் உணவியல் வல்லுநர்களுக்கும்,

வணக்கம். 76 கிலோ எடையோடும், எல்லைக்கோட்டில் நின்ற சர்க்கரையோடும் என் 48ஆம் வயதில் உங்களில் ஒருவரிடம் வந்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி, எண்ணெய் நாளுக்கு மூன்று தேக்கரண்டி என 1,200 கலோரிக்கு அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். முதல் மூன்று வாரங்களில் மூன்றரைக் கிலோவும், அடுத்த ஐந்து வாரங்களில் ஒன்றரைக் கிலோவும் குறைந்தன. அதன்பின் இரண்டரை மாதங்களாக எடை அசையவில்லை. “உண்மையைச் சொல்லுங்கம்மா, வீட்டில் என்னதான் சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் தொனிதான் இம்மடலை எழுத வைத்தது.

அவருடைய ஐயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் இளைக்கவில்லை என்று கூறிய 10 பேரை 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் உண்டதைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைப் படித்த பிறகு நானும் என் அடுக்களையை அளந்தேன். நால்வர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் ஒன்பது நாட்களில் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 28 மில்லி, அதாவது நீங்கள் அனுமதித்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எண்ணெயில் மட்டுமே தினமும் நூறு கலோரிக்கு மேல் கூடியிருந்தது. உப்புப் பார்க்க வாயில் போட்டதும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றித் தின்றதும் இதில் சேரவில்லை. இவற்றில் எதையும் நான் மறைக்கவில்லை. தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளக்க வேண்டும் என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். மறைப்பவரையும் அளக்கத் தெரியாதவரையும் ஒரே கேள்வியால் விசாரிப்பது முறையா?

ஆனால், அளவு சரியாக இருந்தாலும் எடை நிற்கும் என்பதைத்தான் நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வாய்ப்பாடு, 3,500 கலோரி ஒரு பவுண்டு எடைக்குச் சமம் என்று 1958இல் அமெரிக்க மருத்துவர் விஷ்னாஃப்ஸ்கி எழுதிய கணக்கின் வழிவந்தது. உடலின் செலவு மாறாமல் இருக்கும் என்று நம்புகிற கணக்கு அது. உடலோ வரவு குறைந்தால் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. இளைத்த உடலுக்கு இயல்பாகவே குறைந்த ஆற்றல் போதும். அதற்கு மேல், நாம் அறியாமலே நம் அசைவும் குறைகிறது. துணி உலர்த்த மாடிக்குப் போய்க்கொண்டிருந்த நான், எப்போதிலிருந்து மகனை அனுப்பத் தொடங்கினேன் என்பதே எனக்கு நினைவில்லை.

1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி தரப்பட்டது. எனக்குத் தந்த தாளைவிட அது தாராளம். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள்; ஆகவே குறைத்து உண்டால் எடை குறையவே குறையாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவர்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு, அதாவது சும்மா இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றல், ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது, எடை குறையும் வேகம் போகப் போக மட்டுப்பட்டது, கால்களில் நீர் கோத்தது. கொழுப்பு கரைந்தாலும் தேங்கிய நீர் அதை எடைக்கருவியில் காட்டாமல் மறைத்துவிடும். முதல் வாரங்களில் வேகமாகக் குறைவதிலும் பெரும்பங்கு, உடலில் சேமித்த மாவுச்சத்தோடு வெளியேறும் நீர்தான். அதைக் கண்டு நீங்கள் பாராட்டியபோது நானும் ஏமாந்தேன்.

உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் இந்த நிலை எளிதில் விலகுவதுமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர், அவர்களது ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்ததை 2016இல் பதிவு செய்தார்கள். அந்தப் போட்டியாளர்கள் அளவுக்கு மீறி இளைத்தவர்கள்தான், என் கதை அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் திசை ஒன்றே.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. தாளை நீட்டும் முன் தைராய்டைப் பாருங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்று எடை கூட்டக்கூடியவற்றை நோயாளி எடுத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். இட்லியும் சோறும் சப்பாத்தியும் எண்ணிக்கையில் குறைந்த அந்தத் தாளில் பருப்பும் முட்டையும் தயிரும் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள், ஏனெனில் புரதமும் தசைக்கு வேலையும் இல்லாமல் இளைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். ஐந்து கிலோ குறைந்தவருக்குக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். எடை நின்ற மாதத்தில் இடுப்பளவையும் சர்க்கரையையும் பார்க்காமல் தோல்வி என்று எழுதாதீர்கள். என் மூன்று மாதச் சர்க்கரை அளவு அந்த இரண்டரை மாதங்களில் இறங்கியிருந்தது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அறிக்கையில் நானே கண்டுகொண்டேன்.

அடுத்த மாதம் மீண்டும் வருகிறேன். எண்ணெய்க் கணக்கு எழுதிய நோட்டையும் கொண்டு வருகிறேன். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி