ஒற்றைக் காதுக்கு ஒரு ஆல்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சான் டியாகோ மிருகக்காட்சி சாலைப் படங்கள் வந்தன. குட்டிப் பயல் ஒட்டகச்சிவிங்கியை விட்டுவிட்டு ஐஸ்கிரீமையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உன் பிள்ளைதான், சந்தேகமில்லை. அம்மா அதற்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். எனக்கு அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் வேறொரு படம் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து இளைஞர்கள் ஆடுகளுக்கு ஆப்பிள் ஊட்டுகிற படம், மேலே பச்சைப் பட்டை. உன் மேசையில் வருஷக்கணக்கில் கிடந்த சிடியின் அட்டை அது. பீச் பாய்ஸ் என்கிற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம். 1966 பிப்ரவரியில் அந்தப் படத்தை எடுத்தது நீங்கள் போய்வந்த அதே இடத்தில்தான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனைப் பழக்கத்தில் வலது காதில் வைத்துவிட்டு "ஹலோ, ஹலோ" என்று கத்துவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

காது போன கதை உனக்குத் தெரியும். ஒரு நாள் காலை எழுந்தேன், வலது காது இல்லை. மாத்திரை, ஊசி, மறுபடி ஊசி, அவ்வளவுதான். உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அதற்கப்புறம் நான் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டேன். என் உயிரான பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் வாத்தியமெல்லாம் இடது பக்கம், குரல்கள் வலது பக்கம். எனக்குக் கிதாரும் டிரம்மும்தான் கேட்டன. பாடுகிறவர்கள் பக்கத்து வீட்டில் பாடுவது போல இருந்தது. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு மட்டும் வராத கதை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

2025 ஜூன் மாதம் பீச் பாய்ஸின் பிரையன் வில்சன், 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை உருவாக்கியவர், 82 வயதில் இறந்துபோனார். பேப்பரில் வந்த செய்தியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது சரியாகக் கேட்காதாம். அதனால் அந்த ஆல்பத்தை மோனோவில்தான் முடித்தாராம். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ஒரு காது உள்ளவனுக்கும் குறைவில்லாமல் முழுசாகப் போய்ச் சேரும். எழுந்து போய் ஹெட்ஃபோனை எடுத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் இந்த சிடி ராத்திரி பகலாக ஓடியது. ஒரு நாள் கதவைத் தட்டி, "பீட்டில்ஸ் இருக்கும்போது இந்த அழுமூஞ்சிப் பாட்டு எதற்கு? நிறுத்து" என்று கத்தினேன். நீ பதில் பேசவில்லை. சத்தத்தைக் குறைத்தாய், அதோடு என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாய். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பம் போடப் பிரையன் வில்சனுக்குச் சூடு ஏற்றியதே அமெரிக்காவில் வெளிவந்த 'ரப்பர் சோல்'தான். பதிலுக்குப் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார், தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இது எனக்கு அன்று தெரிந்திருந்தால் கதவைத் தட்டியிருக்க மாட்டேன். பீட்டில்ஸ்காரர் சொன்னால் கேட்பேன், பெற்ற மகள் சொன்னால் கேட்க மாட்டேன், அப்படி ஒரு ஆள் நான்.

சரி, கேட்டேன். 36 நிமிஷம்தான். இரண்டாவது பாட்டு, 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ', முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் ஹாரன் வருகிறது. பாம், பாம் என்று ரப்பர் ஹாரன். காதல் பாட்டில் இது எப்படி வந்தது? முதலில் அந்த மெட்டு பால்யத்தைப் பற்றிய பாட்டுக்குப் போட்டதாம். அப்புறம் விளம்பர வாசகம் எழுதுகிற டோனி ஆஷர் என்பவர் வேறு வரிகள் எழுதினார். ஆனால் சைக்கிள் மணியும் ஹாரனும் வாத்தியங்களோடு சேர்ந்து பதிவாகிவிட்டதால் எடுக்க முடியவில்லை, அப்படியே தங்கிவிட்டன. எனக்கு உன் சிவப்பு சைக்கிள் வந்துவிட்டது. ஹாரன் வேண்டும் என்று கடையில் நீ பிடித்த அடமும், தெருமுனையில் திரும்பும்போது நீ அடிக்கிற இரண்டு அடியும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். மூன்று தரம் அந்த இடத்துக்கே திரும்பப் போனேன்.

என்னோடு வங்கியில் இருந்த நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கல்லூரி நாளில் இவர்களுடைய பழைய கடலலைப் பாட்டுகளுக்கும் கார்ப் பாட்டுகளுக்கும் ஆடியவர். "இதில் கடல் எங்கே, கார் எங்கே?" என்று கேட்டார். ஆல்பம் வெளிவந்த 1966 மே மாதம் அமெரிக்காவும் இதைத்தான் கேட்டது. அங்கே விற்பனைப் பட்டியலில் பத்தாவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. ரெக்கார்டு கம்பெனி இரண்டு மாதத்துக்குள் பழைய ஹிட் பாட்டுகளைத் தொகுத்து விற்கக் கிளம்பிவிட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் இடம். 23 வயதுப் பையன் பிரையன், கச்சேரிச் சுற்றுக்குப் போகாமல் ஊரில் தங்கி, குழுவில் மற்றவர்கள் ஜப்பானில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துக்கொண்டு உருவாக்கியதற்கு இந்த வரவேற்பு. நண்பருக்கு இரண்டாவது காபி கொடுத்து அனுப்பினேன். மனிதர் மாறவில்லை.

அம்மாவுக்கு 'காட் ஒன்லி நோஸ்' பிடித்துவிட்டது. பாடியது பிரையனின் கடைசித் தம்பி கார்ல், அப்போது 19 வயது. முதல் வரிக்கு அர்த்தம் கேட்டாள். எப்போதும் உன்னைக் காதலிப்பேன் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி ஆரம்பிக்கிறான் என்றேன். "உண்மையைத்தானே சொல்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள். கடைசியில் குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக அதே வரியைச் சுற்றிச் சுற்றி வரும் இடத்தில், பஜனையில் முடிக்க மனசில்லாமல் பாடுவார்களே அது போல இருக்கிறது என்றாள். வருஷக்கணக்கில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

நம்ம நாய் மணிக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் ரயில் போகும், பிரையன் வீட்டு நாய்கள் இரண்டும் குரைக்கும். மணி எழுந்து கேட் வரை ஓடிப்போய், யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிற மாதிரி பார்க்கிறது. தினமும் ஏமாறுகிறது, தினமும் ஓடுகிறது.

ஒரு வேலை செய். 1997ல் பழைய டேப்புகளை இணைத்து இந்த ஆல்பத்துக்கு ஸ்டீரியோ வடிவம் ஒன்று வெளியிட்டார்கள். அது எனக்குப் பிரயோஜனமில்லை. உனக்கு இரண்டு காதும் இருக்கிறது. குட்டிப் பயல் தூங்கினதும் ஹெட்ஃபோன் மாட்டி, இரண்டாவது பாட்டைக் கடைசிவரை கேள். அந்த ஹாரன் எந்தப் பக்கம் வருகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா