ஒரு நாளைக்கு இருபது டிசைன்: அச்சக முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம், தொண்டிப் பக்கம் அச்சகமும் ஃபிளெக்ஸ் கடையும் நடத்தும் அண்ணன்மாருக்கும், முஸ்லிம் அண்ணன்மாரான காக்காமாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

டிசைனர்களுக்கு இனிமேல் டார்கெட் வைப்பது என்று உங்களில் பலர் முடிவெடுத்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது டிசைன், தாண்டினால் ஊக்கத்தொகை, தாண்டாவிட்டால் தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை இதுதான் பேச்சு. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் உட்கார்ந்திருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். டார்கெட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளவு இல்லாத வேலையால் முதலாளிக்கு நட்டம், டிசைனருக்கு அதைவிட நட்டம். சம்பள உயர்வு கேட்கும்போது காட்டுவதற்கு அந்தப் பிள்ளை கையில் ஒன்றும் இருக்காது. "நல்லாத்தான் பாக்குறே, அடுத்த வருசம் பாப்போம்" என்பதோடு முடிந்துவிடும். ஆகவே தாராளமாக அளந்துகொள்ளுங்கள். எதை அளப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு கண்ணீர் அஞ்சலி வந்து நிற்கும். படம் வாட்ஸ்அப்பில் இருக்கும். பேர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, யார் யார் வருந்துகிறார்கள். பத்துக்கு ஆறு ஃபிளெக்ஸ், இருபது நிமிசத்தில் மெஷினுக்குப் போய்விடும். அதே மேசைக்கு உச்சிப்புளியிலிருந்து ஒருவர் மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டு வருவார். எடை, விலை, பேட்ச் எண், பேக் செய்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவத்துக்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் படிக்கும் அளவில் அடங்க வேண்டும். அவரே கருவாடும் பாக்கெட் போடுகிறவர் என்றால் அதற்குக் குறி வேறு. 2020இல் வந்த லேபிள் விதிகளின்படி அசைவத்துக்குப் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். அவசரத்தில் பழைய ஃபைலைத் திறந்து மேலே தட்டினால் பழைய பழுப்பு வட்டம்தான் வந்து உட்காரும். மிளகாய்க்காரர் இன்னொன்றும் கேட்பார்: "நம்ம முண்டு மிளகாய்க்குத்தான் புவிசார் குறியீடு குடுத்துட்டாங்கல்ல, அந்த முத்திரையையும் போட்டு விடுங்க தாயீ." 2023இல் குறியீடு கிடைத்தது உண்மைதான். அந்த முத்திரையைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக அவர் பதிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைத்து, அவர் வருத்தப்பட்டு, வேறு மாதிரி யோசித்து, லேபிளை முடிக்க இரண்டு நாள் பிடிக்கும்.

உங்கள் டார்கெட்டில் அஞ்சலியும் ஒன்று, இந்த லேபிளும் ஒன்று.

இருபது வேண்டும் என்று சொன்னால் இருபது வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே கல்யாணத்தின் வாசல் பேனர், மேடை பேனர், பந்தி பேனர், மொய் மேசைக்கு ஒரு ஸ்டிக்கர் என்று பிரித்து நான்காக எழுதுவார்கள். லேபிள்காரர் வரும்போது பாத்ரூம் போவார்கள். போன மாதத்துப் பத்திரிகையில் புது மாப்பிள்ளையின் பேரைத் தட்டி ஏற்றுவார்கள், பழைய மாப்பிள்ளையின் இனிஷியல் அப்படியே தங்கியிருக்கும். பிள்ளைகள் மோசமானவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இங்கிலாந்து மத்திய வங்கியில் இருந்த சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975இலேயே பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது இதைத்தான் சொன்னார்: ஒரு கணக்கைப் பிடித்து ஆளை இழுக்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு பழையபடி உண்மை பேசாது. வங்கிக்கே அந்தக் கதி என்றால் நம் நோட்டீஸ் கடைக்கு என்ன ஆகும்?

சரி, எதை அளப்பது? பணம் எங்கே ஒழுகுகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். நம் தொழிலில் அது கரெக்‌ஷனிலும் ரீபிரிண்டிலும்தான் ஒழுகுகிறது. மல்டிகலர் வேலையை நம்மில் பலர் மதுரைக்கோ சிவகாசிக்கோதான் அனுப்புகிறோம். நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு). கருப்பு எழுத்தில் ஒரு பிழை என்றால் ஒரு பிளேட்டோடு போகும், படத்தில் என்றால் நான்கும் போகும், கூடவே ஒரு நாளும் போகும். ஃபிளெக்ஸில் பிழை என்றால் அத்தனை சதுர அடியும் கிழித்துக் கூரைக்குப் போட வேண்டியதுதான்.

ஆனால் கரெக்‌ஷன் எத்தனை என்று மட்டும் எண்ணினால் அதுவும் அநியாயத்தில் முடியும். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க முதல் புரூஃப் வாடிக்கையாளருக்குப் போகிறது. "பெரியப்பா பேர் விட்டுப்போச்சு." சேர்க்கிறோம். "தாய்மாமன் பேரை மேல ஏத்துங்க, இல்லாட்டி மண்டபத்துக்கே வர மாட்டாரு." ஏற்றுகிறோம். "பி.ஏ. போட்டிருக்கீங்க, பொண்ணு எம்.ஏ.ல்ல!" அவர்கள் எழுதி அனுப்பிய மேட்டரில் பி.ஏ. என்றுதான் இருக்கிறது. "அட, நாளு மாறிப்போச்சு, மண்டபம் கிடைக்கல." இத்தனைக்கும் நடுவில் நம் பிள்ளை 'சுபமுகூர்த்தம்' என்பதில் ஒரு புள்ளி விட்டிருப்பான். ஐந்து கரெக்‌ஷனில் அவன் பிழை ஒன்று. ஐந்தையும் அவன் தலையில் எழுதினால், அடுத்த முறை பெரியப்பாவைச் சேர்க்கச் சொல்லி வருகிறவரிடம் அவன் சிடுசிடுப்பான். அந்த வாடிக்கையாளரும் அடுத்த கல்யாணத்துக்குப் பரமக்குடிப் பக்கம் போய்விடுவார்.

அதனால் வேலை நோட்டில் கரெக்‌ஷனுக்கு மூன்று கட்டம் போடுங்கள்: நம் பிழை, அவர் மனம் மாறியது, மேட்டர் முழுதாக வராதது. ஒவ்வொரு தடவையும் அதற்குரிய கட்டத்தில் ஒரு கோடு. டிசைனருக்கான இலக்கு முதல் கட்டத்தில் மட்டும் இருக்கட்டும். நூறு வேலையில் நம் பிழையால் திரும்பி வருவது இத்தனைக்குள் இருக்க வேண்டும், மெஷின் ஏறிய பிறகு கண்டுபிடித்த பிழையால் வீணான சதுர அடியும் பிளேட்டும் போன மூன்று மாதத்தைவிடக் குறைய வேண்டும். இந்த இரண்டு கணக்கும் அவன் கைக்குள் இருப்பவை. இரண்டாவது கட்டம் நிரம்பி வழிந்தால் அது கவுண்டரில் நிற்பவரின் வேலை: மூன்றாவது தடவைக்கு மேல் மாற்றினால் தனிக் கட்டணம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மூன்றாவது கட்டம் நிரம்பினால், மன்னிக்க வேண்டும், அது உங்கள் வேலை. "பேர் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, மிச்சத்த போன்ல சொல்லுங்க" என்று ஆர்டரைப் பிடிப்பது நீங்கள்தான்.

குறிக்கோள் வைப்பதற்கு 1981இல் ஐந்து தகுதிகளை வகுத்த ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர், அதில் ஒன்றாகவே யார் பொறுப்பு என்பதைச் சேர்த்திருந்தார். எல்லாக் குறிக்கோளுக்கும் அந்த ஐந்தும் பொருந்தியாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. மேலாண்மை வகுப்புக்குப் போய் வந்த உங்கள் மகன்மார் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேரத்தையும் அளக்கலாம். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். முழு மேட்டரும், தெளிவான படமும், அளவும் கையில் வந்த நிமிசத்திலிருந்துதான் டிசைனரின் நேரம். படம் என்றதும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்து சுருங்கிப்போன படத்தைக் கொடுத்து ஆஃப்செட்டுக்குப் போடு என்கிறீர்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இல்லாமல் அது புள்ளி புள்ளியாகத்தான் விழும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். வேலையையும் நான்கைந்து வகையாகப் பிரியுங்கள்: அஞ்சலி, பிறந்தநாள் மாதிரி உடனடி வேலை, பத்திரிகை, லேபிள், பெட்டி, புதுக் கடைக்கு லோகோ. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. கீழக்கரை நிக்காஹ் அழைப்பிதழில் அரபி வரிகள் வருமென்றால் கெடு இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். வலமிருந்து இடம் ஓடும் எழுத்தை நம்மிடம் உள்ள பழைய சாஃப்ட்வேர் வரிசை மாற்றித் திருப்பிப் போட்டுவிடும். ஓதத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் அதை அச்சுக்கு அனுப்பக் கூடாது.

இந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பதும் நம் கடற்கரையில் லேசான காரியம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன் கம்பெனி பில் புக்கும் லேபிளும் யாரும் கேட்பதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்தில் லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா துல்கஃதா என்ற இஸ்லாமிய மாதத்தில் வருவது, ஆங்கிலக் காலண்டரில் வருசத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருச ஜூனையும் இந்த வருச ஜூனையும் வைத்து, வேலை குறைந்துவிட்டது என்று பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டினால் அது அமாவாசைக்கு நிலாவைக் கேட்டது மாதிரி. வைகாசியை வைகாசியோடும், சந்தனக்கூட்டைச் சந்தனக்கூட்டோடும் ஒப்பிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் பட்டியல் ஒன்று எல்லாக் கடையிலும் ஒட்டியிருக்க வேண்டும். அதை முழுதாகப் பார்த்து டிக் போட்டு அனுப்பிய ஃபைல் எத்தனை என்பது நல்ல அளவு. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டுக்கு வெளியே நீளும் நிறம்) விட்டாயிற்றா, ஃபாண்ட் மாறாதபடி எழுத்தைக் கர்வ்ஸ் (கோட்டு வடிவம்) ஆக்கியாயிற்றா, நிறம் சிஎம்ஒய்கேயில் (அச்சின் நான்கு மை நிறங்களில்) இருக்கிறதா. பாம்பன்காரர்களுக்குக் கடல் நீலம்தான் வேண்டும், அதுவும் செல்போனில் மின்னுகிற அதே நீலம். சயான் என்ற நீல மைக்கு மேல் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை கூடுதலாக ஏறினால் அது ஊதாவாக விழும். இதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு சாம்பிள் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேர்தல் நேரத்தில் இந்தப் பட்டியலின் முதல் வரி வேறு: அச்சிட்டவர், வெளியிடுபவர் பேரும் முகவரியும். 1951ஆம் வருச மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் அது இல்லாமல் நோட்டீஸோ போஸ்டரோ அடித்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபதாவது டிசைனை எட்டிப் பிடிக்க ஓடுகிறவன் முதலில் விடுவது அடியில் இருக்கும் அந்தச் சின்ன வரியைத்தான்.

அழகை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. முதலாளிக்குப் பிடித்திருக்கிறதா என்பதை மார்க் ஆக்கிவிடாதீர்கள். உங்களில் சிலருக்கு மஞ்சளில் சிவப்பு எழுத்து, அதற்கு வெள்ளை அவுட்லைன், அதற்கும் மேலே நிழல் என்றால்தான் மனசு ஆறும். ஆனால் வாசிக்க முடிகிறதா என்பதைச் சோதிக்கலாம். பாரதி நகரில் பஸ்ஸில் போகிறவருக்குக் கடையின் பேரும் ஊரும் கண்ணில் பட வேண்டும். டிசைனை ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, அதை முன்னே பின்னே பார்க்காத ஒருவரை எட்ட நிறுத்தி, மூன்று நொடியில் என்ன படித்தார் என்று கேளுங்கள். டீ கொண்டுவரும் தம்பி போதும்.

கற்றுக்கொள்வதற்கும் ஓர் இலக்கு வையுங்கள். கணினித் தமிழ் எழுத்துக்கு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010இல். நம் கடைகளில் இன்னமும் பாமினி என்ற பழைய ஃபாண்டில் தட்டி, வாட்ஸ்அப்பில் வந்ததைக் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, மாற்றும்போது 'ஸ்ரீ' உடைந்து, கொம்பு தனியாக நின்று, அதைக் கையால் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். நம் பிழைகளில் எத்தனை அந்த இடத்தில் பிறக்கின்றன என்று முதல் கட்டத்தைப் பார்த்தாலே தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல்; அதைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லி இருபத்து மூன்று வயசுப் பிள்ளையிடம் வேகம் கேட்பது எந்த ஊர் நியாயம்? மூன்று மாதத்தில் ஒரு பத்திரிகையை முழுக்க யூனிகோடில் முடித்துக் காட்டு என்று சொல்லுங்கள். அதற்கு வேண்டிய சாஃப்ட்வேரையும், வாரத்தில் இரண்டு மணி நேரத்தையும் நீங்கள் கொடுங்கள்.

பிழைக்குச் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்தால் நோட்டில் எழுதும் பிழைதான் குறையும்.

முதல் மூன்று மாதம் எந்த எண்ணும் வேண்டாம், எழுத மட்டும் செய்வோம். மூன்று கட்டம், வேலை வகை, மேட்டர் முழுதாக வந்த நேரம், புரூஃப் போன நேரம், வீணான சதுர அடி. அதற்குப் பிறகு எந்தக் கடைக்கு எந்த எண் பொருந்தும் என்று டிசைனர்களையும் கூட வைத்துக்கொண்டு பேசலாம். நானும் வருகிறேன். கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள், காக்காமார் ஜும்ஆவில் இருப்பார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் வேண்டாம், டிசைனர் ஒருத்தரும் வர முடியாது.

இப்படிக்கு,
இராமநாதபுரத்திலிருந்து ஒரு டிசைனர்