கைமாறி வரும் பழைய பொருள்களில் கன உலோக நச்சு: குழந்தைகளைக் காக்க விதி வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பொருள்களில் கன உலோகச் சோதனை செய்யும் ஆய்வகப் பணியாளர்கள் மற்றும் குழந்தைநல மருத்துவர்கள்

பெறுநர்:
உயர்திரு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை

பொருள்: பழைய வீட்டுப் பொருள்களிலும் குழந்தைகளின் உடைமைகளிலும் உள்ள காரீயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவை குறித்து மறுவிற்பனை விதி, சோதனை வசதி, மீட்பு ஏற்பாடு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. கடைக்கு வரும் புதுப் பொம்மைக்குச் சான்று கேட்கிறோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த வண்ணத் தொட்டிலோ மரக்குதிரையோ கைமாறி அதே குழந்தையிடம் வரும்போது கேட்பவர் எவரும் இல்லை. பொருள் தயாரான நாளில் நிற்கும் கண்காணிப்பை அது கைமாறும் இடத்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

பழையது என்பதால் நச்சு குறைந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காலம் போகப் போக அது வெளியே வருவதுதான் அதிகம். காரீய வெள்ளை என்ற வெண்ணிறமி கலந்த பழைய வண்ணப்பூச்சு வெயிலிலும் ஈரத்திலும் பட்டுச் சுண்ணாம்புபோல் உதிர்கிறது. தொட்டிலின் மேல்கம்பி, இழுப்பறையின் விளிம்பு, கதவு உரசும் நிலை போன்ற இடங்களில் ஒவ்வொரு உராய்வும் கண்ணுக்குத் தெரியாத தூளை உண்டாக்குகிறது. பழைய பிவிசி பிளாஸ்டிக்கில் அது வெப்பத்தில் சிதையாமலிருக்கக் காரீய உப்புகளையும் காட்மிய உப்புகளையும் சேர்த்தார்கள். பிளாஸ்டிக் முதுமையடைந்து பிசுபிசுக்கும்போது அந்த உப்புகள் மேற்பரப்புக்கு வந்து விரலில் ஒட்டுகின்றன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தையின் கை வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். மேலும், விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப் போல 4 முதல் 5 மடங்கு வரை குழந்தையின் உடல் ஏற்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையிடம் இது இன்னும் கூடும்.

அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். ஒரு வண்ணப்பூச்சில் எடைக்கு 1 விழுக்காடு காரீயம் இருந்தால் அது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). அதிலிருந்து உதிரும் 0.1 கிராம் செதிலில் 1,000 மைக்ரோகிராம் காரீயம் இருக்கும். உணவு வழியாக ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளவுகோலாக வைத்திருக்கிறது. அந்த ஒரு சிறு செதில் அதைப்போல 450 மடங்கு. பழைய வண்ணப்பூச்சுகளில் 1 விழுக்காடு என்பது பெரிய அளவே இல்லை. காய்ந்த பூச்சின் எடையில் பாதியளவு காரீயம் இருந்தவையும் உண்டு. இது புதிதாகத் தெரியவந்த ஆபத்தும் அல்ல. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் காரீய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1921ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

விழுங்கப்படும் உலோகப் பொருள்கள் தனி ஆபத்து. 2006இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்தது. அந்தப் பதக்கத்தில் 99.1 விழுக்காடு காரீயம் இருந்தது. குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. இரைப்பை அமிலம் உலோகத்தைக் கரைத்துக்கொண்டே இருப்பதால், பொருள் வயிற்றில் தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அளவைக் கூட்டுகிறது. பழைய விலைமலிவு நகைகள், திரைச்சீலையின் விளிம்பில் தைக்கும் எடைக்குண்டுகள், தூண்டில் குண்டுகள், வார்ப்புப் பொம்மை வீரர்கள் எல்லாமே இந்த வகையில் சேரும்.

எந்தப் பொருளில் எதைத் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சில் காரீயமும் குரோமியமும் சேர்ந்து வந்தால் அது காரீயக் குரோமேட். பழைய சிவப்புப் பிளாஸ்டிக்கில் காட்மியமும் செலினியமும் சேர்ந்து காட்டினால் காட்மியச் சிவப்பு நிறமி. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத்தாளிலும் நூல் அட்டைத்துணியிலும் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்திருந்தால் மரகதப் பச்சை. கறுப்புப் பிளாஸ்டிக்கில் புரோமினும் ஆன்டிமனியும் இருந்தால் அது மின்கழிவிலிருந்து மறுசுழற்சியாகி வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கைமாறிய 200 பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தபோது சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களில்தான் சிக்கல் மிகுதியாகக் காணப்பட்டது.

இங்கே சோதனை முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று முடிவெடுத்தால் தவறான சான்றுகளே பெருகும். கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி, எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரை அளந்து, பொருளைச் சிதைக்காமல் ஒரு நிமிடத்துக்குள் உலோக அளவைக் காட்டுவதால் களப்பணிக்கு அதுவே உகந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துபவருக்குச் சில இடறல்கள் தெரிந்திருக்க வேண்டும். காரீயத்தின் முதன்மைக் கதிர் 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும் ஆர்செனிக்கின் முதன்மைக் கதிர் 10.54இலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. காரீயம் மிகுந்த பொருளில் இல்லாத ஆர்செனிக்கைக் கருவி காட்டும், அல்லது இருக்கும் ஆர்செனிக்கை மறைக்கும். காரீயத்தை 12.6இல் உள்ள இரண்டாம் கதிராலும், ஆர்செனிக்கை 11.7இல் உள்ள கதிராலும் உறுதிசெய்ய வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கை எக்ஸ்-கதிர் ஊடுருவிப் போய்விடும். அப்போது அளவு குறைந்து தெரியும், அடியில் இருக்கும் உலோக மேசையும் கணக்கில் சேர்ந்துவிடும். பல மடிப்பாக மடித்து வைத்தோ, கன உலோகம் இல்லாத தடித்த பிளாஸ்டிக் பலகைமேல் வைத்தோ அளக்க வேண்டும். மரத்தின் மேலோ தகரத்தின் மேலோ உள்ள மெல்லிய பூச்சுக்குக் கருவி காட்டும் பிபிஎம் எண்ணை நம்பக்கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற முறையில் அளந்து, எல்லைக்கு அருகில் வந்தால் பூச்சைச் சுரண்டி அமிலத்தில் கரைத்து ஆய்வகத்தில் பார்ப்பதே சரி. ஒரு பொம்மையில் எத்தனை நிறம் உண்டோ அத்தனை இடத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். உடல் வெள்ளை, கைப்பிடி மஞ்சள் என்றால் வெள்ளையை மட்டும் அளந்து தந்த சான்று எதற்கும் உதவாது. பணி தொடங்கும்போதும், இடையிலும், முடிவிலும் அளவு தெரிந்த மாதிரித்துண்டைக் கொண்டு கருவியைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் தேய்த்துப் பார்க்கும் நிறமாற்றக் குச்சிகளைச் சான்றாக ஏற்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். ரோடிசனேட் குச்சி காரீயம் பட்டால் இளஞ்சிவப்பாகும். ஆனால் மேலே தெளிவான மெருகுப் பூச்சோ புதுப் பூச்சோ இருந்தால் அடியில் உள்ளதை அது தொடவே தொடாது. ஜிப்சத் தூள் பட்டால் காரீயம் இருந்தும் நிறம் மாறாமல் போகலாம். சிவப்புப் பொம்மையின் சாயம் குச்சியில் ஒட்டினால் காரீயம் என்று தோன்றிவிடும். காரீயம் பட்டால் கறுக்கும் மற்றொரு சோதனையான சோடியம் சல்பைடு கரைசல் இரும்புக்கும் செம்புக்கும் கறுக்கும். கறுப்புப் பூச்சின் மேல் அதன் நிறமாற்றம் தெரியவே தெரியாது. காட்மியத்தைப் பற்றி இந்த இரண்டும் எதுவும் சொல்லாது. நிறம் மாறாத குச்சியைப் பார்த்து நிம்மதியடையும் பெற்றோர் சோதிக்காத பெற்றோரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது எங்கள் கருத்து.

மொத்த அளவும் கசியும் அளவும் வேறு வேறு. காரீயப் படிகக் கண்ணாடியில் 24 விழுக்காடோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு இருக்கும். சற்று நேரம் தண்ணீர் வைத்துக் குடிப்பதும், அதில் புளிப்பான பானத்தை நாள்கணக்கில் வைத்திருப்பதும் ஒன்றாகாது. அமிலமும் நேரமும் கூடக்கூடக் கசிவு கூடும். பீங்கான் பாத்திரங்களை 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் 22 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துக் கசிவை அளப்பார்கள். பொம்மையின் பொருளை 37 பாகையில் 0.07 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் குலுக்கி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வடிகட்டி அளப்பார்கள். விழுங்கியது இரைப்பையில் என்ன ஆகும் என்பதற்கான மாதிரி அது. குடிக்கும் குவளையின் வெளிப்புறச் சித்திரத்தில் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரையுள்ள பகுதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும், உதடு படுவது அங்கேதான்.

இவற்றின் அடிப்படையில் நாங்கள் வேண்டுவன:

முதலாவதாக, மறுவிற்பனையையும் நன்கொடையையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பழைய பொருளையும் விற்பவர் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது நடைமுறைக்கு ஒவ்வாது, ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் பொருள்களையும் முடக்கிவிடும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய பொருள் விற்பவர் சோதனைச் சான்று தர வேண்டியதில்லை. ஆனால் பூச்சில் 90 பிபிஎம், குழந்தை தொடக்கூடிய பாகத்தில் 100 பிபிஎம் என்ற காரீய வரம்புகளை மீறும் குழந்தைப் பொருளை அவர் விற்க முடியாது. இந்த முறை பின்பற்றத் தக்கது. அத்துடன் ஆண்டு தெரியாத வண்ணத் தொட்டில், வண்ணம் உதிரும் மரப் பொம்மை, பிசுபிசுக்கும் வினைல் பொம்மை, பழைய உலோகச் சிறு நகை, வார்ப்புப் பொம்மை ஆகியவற்றைச் சோதிக்காமல் குழந்தைப் பொருளாக விற்கக்கூடாது என்று வகைப் பட்டியல் ஒன்றை அறிவிக்க வேண்டும். அவற்றை அரும்பொருளாகச் சேகரிப்போருக்கு விற்பதற்குத் தடை வேண்டாம். ‘குழந்தைகளின் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல’ என்ற குறிப்பு பொருளின் மேலேயே இருந்தால் போதும். இணையவழி விற்பனைத் தளங்களுக்கும் இதே நிபந்தனை பொருந்த வேண்டும்.

பழைய பூச்சின் மேல் புதுப்பூச்சு அடித்து விற்பதைத் தீர்வாக ஏற்கக் கூடாது. பல் முளைக்கும் குழந்தை கடிக்கும் விளிம்பில் புதுப்பூச்சு முதலில் போய்விடும். பூச்சை அகற்ற முயன்றாலோ கேடு இன்னும் பெரிது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்த்தால் தூள் வீடு முழுவதும் படியும். தீச்சுடரோ, மிகச் சூடான வெப்பக்காற்றோ பட்டால் காரீயப் புகை எழும். இந்த வேலையைக் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இல்லாத இடத்தில், ஈரமாக்கிச் சுரண்டி, 0.3 மைக்ரான் தூளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியால் துப்புரவு செய்து முடிக்க வேண்டும். சாதாரண வீட்டு உறிஞ்சி நுண்தூளைப் பின்வழியே காற்றில் கலந்துவிடும். இந்த முறையைத் தங்கள் துறை அச்சிட்டு மரவேலை செய்வோருக்கும் பழைய பொருள் வணிகருக்கும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, மாவட்டத்துக்கு ஒரு கையடக்கக் கருவி, பயிற்சி பெற்ற இருவர், உறுதிப்படுத்தும் ஆய்வகத்துடன் தொடர்பு என ஒரு குழு அமைக்க வேண்டும். முன்பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் நன்கொடையாக வந்து சேர்ந்திருக்கும் பழைய பொம்மைகளையும் மேசை நாற்காலிகளையும் முதலில் சோதிக்கட்டும். அங்கே ஒரே பொருளைப் பல குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் வாயில் வைக்கிறார்கள்.

மூன்றாவதாக, பொருளில் நச்சு தெரிந்தால் குழந்தையின் இரத்தச் சோதனைக்கு நேரடி வழி இருக்க வேண்டும். விரல் நுனியில் எடுக்கும் துளியில் தோலில் ஒட்டிய தூள் கலந்து அளவு கூடிக் காட்டலாம். எனவே கையை நன்கு கழுவிய பிறகே எடுக்க வேண்டும், உயர்ந்து வந்தால் சிரையிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவிலேயே காரீயம் எங்கிருந்து வருகிறது என்ற மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டில் தன் ஒப்பீட்டு அளவை 3.5ஆகக் குறைத்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை. 45 அளவை எட்டும்போது மருந்து கொடுத்து உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சையைத் தொடங்குவார்கள். மூலம் வீட்டிலேயே இருந்தால் மருந்து கொடுத்துப் பயனில்லை. சிறு உலோகப் பொருள் விழுங்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் வயிற்று எக்ஸ்-கதிர்ப் படம் உடனே எடுக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, அகற்றும் பொருளைச் சேர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். இன்று அவை இரும்புக்கடைக்கோ அடுப்புக்கோ போகின்றன. வண்ணம் பூசிய பழைய மரத்தை எரித்தால் காரீயம் சாம்பலில் செறிந்து மண்ணில் சேரும். காரீயம் கலந்த உலோகத்தைப் பிரிக்காமல் உருக்கினால் அது மலிவு நகையாகவும் சமையல் பாத்திரமாகவும் திரும்பி வரும். பாதரச வெப்பமானிகளுக்கும் அதே இடம் பயன்படட்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அவற்றின் தயாரிப்புக்கும் வணிகத்துக்கும் 2020ஐக் கெடுவாக வைத்தது. வீடுகளில் உள்ள பழைய வெப்பமானிகள் அதனால் மறைந்துவிடவில்லை. உடைந்த பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், உறிஞ்சியால் இழுக்காமல், சன்னலைத் திறந்துவிட்டு, தடித்த அட்டையால் உருண்டைகளைச் சேர்த்துச் சொட்டுக்குழாயால் எடுத்து மூடியுள்ள புட்டியில் அடைத்துக் கொண்டுவருமாறு மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

வகைப் பட்டியலின் வரைவையும், கருவியைக் கையாள்வோருக்கான பயிற்சிக் கையேட்டையும் தயாரித்துத் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். எங்களை நேரில் அழைத்துக் கேட்டு, முன்பள்ளிச் சோதனையை மட்டுமாவது வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் நடத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்