பன்னிரண்டு கேமரா பன்னிரண்டு தோட்டமாகாது: சிறுத்தை ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை ஆய்வு செய்த பல்கலைக்கழகக் குழுவினருக்கு, வணக்கம்.

உங்கள் அறிக்கையின் ஒரு பக்கத்தைத் தோட்ட அலுவலகத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். “புதர் வெட்டிய தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் குறைவு, வேறுபாடு புள்ளிவிபர ரீதியாக உறுதியானது” என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. அந்தக் கோடு விழுந்த கிழமையே, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால், சிறுத்தை விலகிப் போகத் தகரம் தட்டிக்கொண்டு மலையேறும் இரண்டு ஆண்களையும் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: கொழுந்தெடுக்கப் போன என் சித்தியைச் சிறுத்தை அடித்தது. அவரால் இன்னும் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தையல் பிரித்ததும் வேலைக்குப் போனார். ஒரு கையால் எவ்வளவு கிள்ள முடியும்? நிறை காணாது என்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள். அடித்த விலங்கின் மேல் அவருக்குக் கோபமில்லை. குட்டியோடு படுத்திருந்ததாம்.

எனக்குக் கோபம் உங்கள் கணக்கின் மேல். நான் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவன். நீங்கள் ஒப்பிட்டது இரண்டே தோட்டங்களை: புதர் வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கேமரா கட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு சுயாதீன மாதிரிகள் என்று வைத்துச் சோதனை செய்திருக்கிறீர்கள். கேமரா பன்னிரண்டானாலும் தோட்டம் ஒன்றுதான், ஐயா. வெட்டாத தோட்டம் காட்டை ஒட்டியிருக்கிறது, உயரமும் கூட, தொழிலாளர் லயங்களில் சிறுத்தைக்கு இரையாகும் நாய்களும் அதிகம். வித்தியாசம் புதரால் வந்ததா, காட்டால் வந்ததா, நாயால் வந்ததா? அதே இரண்டு தோட்டங்களில் இன்னும் நூறு கேமரா கட்டினாலும் பதில் கிடைக்காது. போதாததற்கு, ஓடைக்கரையில் வரிசையாகக் கட்டிய கேமராக்களில் ஒரே சிறுத்தை ஒரே இரவில் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது. உடற்புள்ளிகளை ஒத்துப் பார்த்தாலே தெரியும்.

இது புதுப் பிழையுமல்ல. ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இலேயே 176 சூழலியல் பரிசோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, புள்ளிவிபரச் சோதனை செய்தவற்றில் 48 சதவீதம் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன என்று எழுதினார். உங்கள் வகுப்பறையில் நீங்களே இதைப் படிப்பிப்பீர்கள்.

ஆகவே அந்த வரியை எழுத்தில் திருத்தித் தாருங்கள்.

கணக்கில் ஏமாறுவது எங்களுக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எங்கள் கிலோவைக் கழிக்கிறார்கள். ஆய்வுக்கு வருபவர்களுக்கு எங்கள் பிள்ளைகள்தான் கேமரா சுமந்து வழி காட்டுகிறார்கள். கடைசியில் அறிக்கை ஆங்கிலத்தில் வரும். எங்கள் கைக்கு ஒரு பிரதியும் வராது. பிழையான கணக்கு சிறுத்தையையும் காப்பாற்றாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கி, பிறகு இறந்துபோன கருஞ்சிறுத்தையை நாங்கள் மறக்கவில்லை. “ஆபத்தில்லை” என்ற பேச்சை நம்பி ஏமாந்த ஊரில் சுருக்குக் கம்பிகள்தான் கூடும்.

பேச்சு நீண்டுவிட்டது, மன்னிக்க வேண்டும். பணிவாகக் கேட்பது இதுதான். இரண்டு தோட்டங்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது என்றும், கேமராவில் விழாத இடத்தில் சிறுத்தை இல்லை என்று அர்த்தமில்லை என்றும் தோட்ட அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மறுபடி ஆய்வு செய்வதானால் இரு வகையிலும் பல தோட்டங்களை எடுத்து, தோட்டத்தையே ஒரு மாதிரியாக எண்ணுங்கள். வழிகாட்ட எங்கள் பிள்ளைகள் வருவார்கள். கடிதம் மட்டும் மழைக்கும் மூடுபனிக்கும் முன்னால் வந்து சேரவேண்டும். தகரம் தட்டுகிறவர்களை மறுபடி மலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எங்களுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்