அக்டோபரில் வா, அட்லாண்டாவைக் காட்டுகிறேன்

அன்புள்ள நெல்லையப்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் எனக்கும் கோமதிக்கும் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகும் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு வீட்டுத் திண்ணையில் வரலாறு நடத்துகிறாயாமே, விடமாட்டாய் நீ. இங்கே நாங்கள் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். கோமதி வைத்த கத்தரிச்செடியை மான் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. ஊரில் ஆடு, இங்கே மான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் வீட்டுக்கு சார்லட் போகும் வழியில் இங்கே நான்கு நாள் தங்குகிறோம் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நல்லது. அக்டோபர் மாதம் சரியான நேரம். மார்ச் கடைசியில் வந்திருந்தால் பைன் மரத்து மகரந்தம் பறந்து காரெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும், தங்கச்சிக்குத் தும்மல் நிற்காது. பீச் பழம் மட்டும் உனக்குக் கொடுத்து வைக்கவில்லை, அது கோடையோடு முடிந்துவிடும்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மீன்காட்சியகம், கோகோ கோலா அருங்காட்சியகம், பெரிய மால்கள். யாரோ உனக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வரலாற்று வாத்தியாருக்கு இந்தப் பட்டியல் போதாது. நான் கொஞ்சம் அடித்துத் திருத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் கோகோ கோலா. 1886-இல் பெம்பர்ட்டன் என்ற மருந்துக் கடைக்காரர் இந்த ஊரில்தான் அதைக் கலக்கினார். அதற்காக ஒரு மாளிகை கட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போய் விளம்பரம் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு கூடத்தில் பல நாட்டுப் பானங்களைக் குடித்துப் பார்க்கலாம். அதில் இத்தாலிக்காரர்களின் பெவர்லி என்று ஒரு கசப்புத் தண்ணீர் உண்டு. விருந்தாளிகளுக்கு அதை நீட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கு. கங்கைகொண்டான் கோகோ கோலா ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து நம்மூரில் போராட்டம் நடந்ததைப் பார்த்தவன் நீ. அந்தக் கம்பெனிக்கு டிக்கெட் காசு வேறு கொடுக்க வேண்டுமா என்று நீயே முடிவு செய்.

மீன்காட்சியகம் வேறு விஷயம். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் போகலாம். 2005-இல் திறந்தது. கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நாம் போக, தலைக்கு மேலே திமிங்கலச் சுறா மெதுவாகக் கடந்து போகும். நகரும் நடைபாதையும் இருப்பதால் உன் முழங்காலுக்கும் கவலை இல்லை. ஒரு காலை நேரம் போதும்.

அதற்குப் பக்கத்திலேயே சமூக உரிமைகளுக்கான மையம் ஒன்று இருக்கிறது. 2014-இல் திறந்தார்கள். உன் பட்டியலில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியம். அங்கே ஓர் உணவு மேடை இருக்கும், முன்னால் முக்காலி. உட்கார்ந்து, காதில் ஒலிக்கருவியை மாட்டி, இரண்டு கையையும் மேடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். 1960-இல் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மேடையில் சாப்பாடு கேட்டு உட்கார்ந்தபோது என்னென்ன வசவுகளைக் கேட்க நேர்ந்ததோ அது நம் காதில் விழும். நாற்காலியை உதைப்பது போல அதிரும். முழுசாக உட்கார முடியாமல் பலர் எழுந்துவிடுவார்கள். தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இந்த ஊரைப் பார்க்க அதுதான் சரியான வாசல் என்பது என் எண்ணம். எங்கே சாப்பிடலாம், எங்கே வாங்கலாம் என்று நீ கேட்டிருக்கிறாய். ஒரு காலத்தில் இங்கே அந்தக் கேள்விக்காகவே ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ரிச்ஸ் என்று நகரத்தின் நடுவில் பெரிய கடை இருந்தது. கறுப்பினத்தவர் அங்கே துணி வாங்கலாம், காசை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதே கடையின் சாப்பாட்டு அறையில் உட்கார முடியாது. 1960 அக்டோபரில் மாணவர்களோடு மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே போய் உட்கார்ந்து கைதானார். கடை இன்று இல்லை, பின்னாளில் மேசீஸ் என்ற இன்னொரு பெரிய கடையோடு கலந்துவிட்டது. இப்போது லெனாக்ஸ் மால், ஃபிப்ஸ் பிளாசா என்று எதிரும் புதிருமாக இருக்கின்றன. குளிரூட்டிய நடைகளில் ஒரு சாயங்காலம் போகும். சீட்டில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்பாதே, வரி தனி. நகரத்துக்குள் நூறு டாலர் பொருளுக்கு ஒன்பது டாலர் வரை கூடும். சட்டையும் பெல்ட்டும் திருநெல்வேலியில் கிடைக்காததில்லை. பெக்கன் பருப்பு வாங்கிக்கொள். அக்டோபரில் புது அறுவடை வர ஆரம்பிக்கும், ஊருக்குக் கொண்டுபோனாலும் கெடாது.

சரி, ஆபர்ன் அவென்யூவுக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்கு. எங்கள் டிகேட்டர் ஸ்டேஷனில் மார்ட்டா என்ற நகர ரயிலில் ஏறினால் கிங் மெமோரியலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கலாம். கிங் 1929-இல் பிறந்த வீடும், அப்பாவும் அவரும் போதகராக இருந்த எபெனேசர் தேவாலயமும், நீர்த்தொட்டி நடுவே அவரும் மனைவி கொரெட்டாவும் அடங்கியிருக்கும் கல்லறையும் எல்லாம் அந்தத் தெருவை ஒட்டித்தான். கட்டணம் கிடையாது. வீட்டை 2023 கடைசியில் சீரமைப்புக்கு மூடினார்கள், திறந்திருக்கிறதா என்று போகும் முன் விசாரித்துவிடுகிறேன். வளாகத்தில் நம் காந்தி சிலையும் நிற்கிறது.

அந்தப் பழைய தேவாலயத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியில் கிங்கின் குரல் கேட்கும். அங்கே உனக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன், இப்போதே எழுதிவிடுகிறேன், வாய் நிற்காது. கிங் 1959-இல் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார், அது உனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். 1965 ஜூலை 4-ஆம் தேதி இதே தேவாலயத்தில் பிரசங்கத்தில் அவரே சொன்னது. உன் திண்ணை மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறதா?

1956-இல் இந்தத் தெருவை உலகிலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று ஒரு பத்திரிகை எழுதியது. பிறகு நெடுஞ்சாலைப் பாலத்தை அதன் குறுக்கே போட்டார்கள். பாலத்துக்குக் கீழே நடக்கும்போது உனக்கே புரியும். பழைய கட்டடம் என்று இந்த ஊரில் அதிகம் எதிர்பார்க்காதே. 1864-இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது போக மிச்சத்தை இவர்களே இடித்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கிருந்து ஸ்வீட் ஆபர்ன் சந்தைக்கு நடந்துவிடலாம். 1924-இல் கட்டிய செங்கல் கட்டடம். அன்று வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு உள்ளே இடம், கறுப்பினத்தவர் வெளியே நடைபாதை ஓரத்தில் விற்க வேண்டும். இன்று உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள். இன்னொரு வேளை உன்னை மட்டும் பாஸ்கல்ஸுக்குக் கூட்டிப்போகிறேன். 1947-இல் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்த கடை. கிங்கும் தோழர்களும் பொரித்த கோழி சாப்பிட்டபடி கூட்டம் போட்டது அங்கேதான். இப்போது இடம் மாறிவிட்டது, கோழி மாறவில்லை.

தங்கச்சிக்குச் சைவம், அதுதான் இங்கே கொஞ்சம் தந்திரம். 1945-இல் இருந்து நடக்கும் மேரி மேக்ஸ் சாப்பாட்டுக் கடையில் பொரித்த வெண்டைக்காய், பச்சைத் தக்காளிப் பொரியல், சோள ரொட்டி எல்லாம் உண்டு. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்து சேர்ந்த காய். ஆனால் கீரை, பீன்ஸ் என்று பார்த்ததும் கை வைத்துவிடக்கூடாது. தென்பகுதிச் சமையலில் பன்றித் துண்டைப் போட்டுத்தான் கீரையை வேக வைப்பார்கள், கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஐஸ் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பார்கள், உன் சுகருக்கு அது வேண்டாம். பில்லில் நூற்றுக்குப் பதினெட்டோ இருபதோ டிப்ஸ் சேர்த்து வைக்க வேண்டும். நான் வைத்துவிடுகிறேன், நீ அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

இட்லி தோசைக்குத் தவித்தால் எங்கள் டிகேட்டரிலேயே ஆகிவிடும். பட்டேல் பிளாசா கடைகளில் கருவேப்பிலை வரை கிடைக்கும். அப்புறம் டிகால்ப் உழவர் சந்தைக்குக் கட்டாயம் போகிறோம். எனக்கு அட்லாண்டாவில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 1977-இல் சின்னக் காய்கறிக் கடையாக ஆரம்பித்தது, இன்று பிரம்மாண்டமான கிடங்கு. கூரையில் பல நாட்டுக் கொடிகள். வேலை செய்பவர்களின் பெயர்ப்பட்டையில் அவர்களுக்குத் தெரிந்த மொழிகளும் எழுதியிருக்கும். எத்தியோப்பியாக்காரர் மீன் வெட்டித் தர, பர்மாக்காரர் பில் போடுவார். உள்ளே மார்கழிக் குளிராக இருக்கும், தங்கச்சி சால்வை எடுத்து வரட்டும். படம் எடுக்கக் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறார்கள், உன் செல்போனை அங்கே வெளியே எடுக்காதே.

கடைசியாக ஸ்டோன் மவுண்டன். கழுகுமலையை இன்னும் பெரிதாக்கி மொட்டையடித்து வைத்தது மாதிரி ஒற்றைப் பாறை. ரோப் காரில் உச்சிக்குப் போய்விடலாம். பாறை முகப்பில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்பகுதித் தலைவர்கள் மூன்று பேரைக் குதிரையோடு செதுக்கியிருக்கிறார்கள், 1972-இல்தான் முடித்தார்கள். 1915-இல் கறுப்பினத்தவரைக் கொன்று மிரட்டிய கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டம் மறுபடி உயிர்பெற்றதும் அந்த மலையில்தான். 1963 வாஷிங்டன் உரையில் கிங் இந்த மலையைப் பெயர் சொல்லி விடுதலை ஒலிக்கட்டும் என்றதற்கு அதுவே காரணம். அழகான இடம், ஆனால் எனக்கு அங்கே மனசு ஒட்டாது. உன்னோடு போய் ஒரு முறை சண்டை போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும்.

ரிவர்டேல் பெருமாள் கோவில் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். நீங்கள் வந்து இறங்கும் நாளில் தூக்கம் கண்ணைக் கட்டாமல் இருந்தால் அப்படியே கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம், சிவனும் பக்கத்திலேயே இருக்கிறார்.

பெட்டியில் பழம், விதை, கருவாடு எதுவும் வைக்காதே, சுங்கத்தில் நிறுத்தி வைத்தால் நான் வெளியே காய வேண்டும். மணப்பாட்டுக் கருப்பட்டி மட்டும் ஒரு கிலோ கோமதிக்கு வேண்டுமாம், எழுதச் சொன்னாள். பழனிக்குக் கண் ஆபரேஷன் ஆனதா, என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுது. டிக்கெட் போட்டவுடன் விமான எண்ணையும் நேரத்தையும் அனுப்புலே.

உன்,
சங்கரன்